சண்டை எதைப் பற்றியது? ஸ்பெயினும் தமிழ்க் கரையும்

(ஆக்லாந்து ஆல்பனியில் தமிழர் அவையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1492 ஜனவரி 2 அன்று ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனடா, காஸ்டில் அரசி இசபெல்லாவிடமும் அரகோன் மன்னர் ஃபெர்டினாண்டிடமும் சரணடைந்தது. முஸ்லிம்கள் தங்கள் சமயத்தையும் பள்ளிவாசல்களையும் சட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த உடன்படிக்கை உறுதி கூறியது. மூன்று மாதம்கூட முடியவில்லை. மார்ச் 31 அன்று அதே இருவரும் அதே நகரிலிருந்து, யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் ஜூலை முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார்கள். உறுதி பெற்ற முஸ்லிம்களின் கதியும் வேறாக இருக்கவில்லை. 1502இல் காஸ்டில் முழுவதிலும் அவர்கள்முன் அதே இரண்டு வழிகள்தான் வைக்கப்பட்டன. அதன்பின் 1609 முதல் 1614 வரை, தலைமுறைகளாக ஞானஸ்நானம் பெற்று வந்த அவர்களுடைய வழித்தோன்றல்கள் சுமார் 3 லட்சம் பேர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் மூன்று சமயத்தார் சேர்ந்து வாழ்ந்த மண், நூற்றிருபது ஆண்டுகளில் ஒரே சமயத்தின் மண்ணாக்கப்பட்டது. தொலைதூரத்து ஐரோப்பியக் கதை என்று இதை நாம் ஒதுக்க முடியாது. அதே கொள்கை அதே நூற்றாண்டில் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. நாமும் ஒருமுறை அதே காரியத்தை நம் கையாலேயே செய்தோம். அதனால்தான் இன்றைய பேச்சுக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

ஸ்பானிய அறிஞர்களிடையே இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. உள்நாட்டுப் போரால் நாடிழந்து வாழ்ந்த அமெரிக்கோ காஸ்ட்ரோ, ஸ்பானியர் என்ற மக்களே முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் மூவரின் கூட்டு வாழ்விலிருந்து உருவானவர்கள் என்று 1948இல் எழுதினார். அவரைப் போலவே நாடிழந்திருந்த கிளாடியோ சான்செஸ் அல்போர்னோஸ் 1956இல் அதைக் கடுமையாக மறுத்தார். அவர் பார்வையில் ஸ்பெயின் போரில் உருவானது. கூட்டு வாழ்வு என்பது மிகையான கற்பனை. இருவரிடமும் சான்றுகள் இருந்தன. பின்னர் 1996இல் டேவிட் நிரன்பர்க் இந்த விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோனார். 14ஆம் நூற்றாண்டு அரகோனில் புனித வாரந்தோறும் யூதர் குடியிருப்பின்மேல் கல்லெறியும் வழக்கம் இருந்தது. அந்த வன்முறை யூதர்களை வெளியேற்றுவதில் முடியவில்லை. அவர்களுக்கு ஊரில் ஓர் இடம் உண்டு என்பதையும், அது கீழான இடம் என்பதையும் அது ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டு வாழ்வும் வன்முறையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று வைத்துக்கொண்டு தேடினால் இரண்டையுமே புரிந்துகொள்ள முடியாது என்பது அவருடைய ஆய்வின் சாரம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. சேர்ந்து வாழும் மக்களுக்குள் சண்டை வரத்தான் செய்யும். தண்ணீர், நிலம், வரி, வியாபாரம், ஊர்வலம் என்று எதற்காகவும் வரும். அந்தச் சண்டை தான் எதற்காக எழுந்ததோ அதைப் பற்றியதாகவே இருந்து முடிந்தால், மறுநாளும் இருதரப்பும் அதே ஊரில் இருக்கும். 'இவர்கள் இங்கே இருக்கலாமா' என்ற கேள்வியாக அது மாறிய கணத்தில் கூட்டு வாழ்வு முடிந்துவிடுகிறது. அந்த மாற்றம் தானாக நடப்பதில்லை. அதிகாரம் உள்ள யாரோ ஒருவர் அதைச் செய்கிறார்.

தொலேதோ நகரில் 1449இல் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. காஸ்டில் அரசருக்காக அவருடைய வலக்கையான அல்வாரோ தெ லூனா பெருந்தொகை ஒன்றைக் கடனாகக் கேட்டார், மக்கள் கொதித்தெழுந்தார்கள். அது வரிச் சண்டை. ஆனால் நகரக் கோட்டையைக் கையில் வைத்திருந்த பேரோ சார்மியெந்தோ, யூத மரபிலிருந்து கிறிஸ்தவரானவர்கள்மேல் அந்தக் கோபத்தைத் திருப்பிவிட்டார். அவர்கள் நகரத்தில் எந்தப் பதவியும் வகிக்கக்கூடாது என்று சட்டம் எழுதப்பட்டது. வழிபாட்டில் அவர்கள் கிறிஸ்தவர்கள்தாம். குற்றம் அவர்களுடைய இரத்தத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. போப் ஐந்தாம் நிக்கோலஸ் அதே ஆண்டில் அதைக் கண்டித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் பிறப்பால் பிரிவினை கூடாது என்றார். ஆனாலும் அந்த எண்ணம் சாகவில்லை. 1547இல் தொலேதோ பேராலயமே இரத்தத் தூய்மை விதியை ஏற்றது. 1567இல் முன்னாள் முஸ்லிம்களுக்கு அரபு மொழியும் உடையும் பழக்கவழக்கங்களும் தடைசெய்யப்பட்டன. அல்புஹாரா மலைப்பகுதியில் கலகம் வெடித்து 1571வரை நீடித்தது. கடைசியில் 1609. மதம் மாறினால் இருக்கலாம் என்று சொன்ன அரசு, மாறியவர்களையும் விரட்டியது. தூய்மையைத் தேடத் தொடங்கிய அரசுக்கு எந்தப் பணிவும் போதுமானதாக இருக்கவில்லை. அல்ஜியர்ஸில் ஐந்தாண்டு சிறைப்பட்டிருந்த செர்வாந்தெஸுக்கு முஸ்லிம்களை வெறுக்கக் காரணம் இருந்தது. இருந்தும் 1615இல் வந்த 'தொன் கிஹோத்தே' இரண்டாம் பாகத்தில், விரட்டப்பட்டு மாறுவேடத்தில் தன் ஊருக்குத் திரும்பும் ரிக்கோத்தே என்ற அண்டைவீட்டுக்காரரைப் படைத்து, அவருக்காக வாசகரை வருந்த வைத்தார். சாதாரண மக்கள் அயலாரை அயலாராகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்த அத்தியாயம் ஒரு சாட்சி.

இந்தக் கொள்கை நம் கடலுக்கு வந்ததைப் பாருங்கள். கார்சியா தெ ஓர்த்தா என்ற மருத்துவர், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டுப் போர்ச்சுகலில் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதப் பெற்றோரின் மகன். 1534இல் கோவாவுக்கு வந்தார். அகமது நகர் சுல்தானின் அவையில் மருத்துவம் பார்த்தார். இந்திய மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1563இல் கோவாவில் அச்சானது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1560இல், கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டிருந்தது. அவர் 1568இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய சகோதரி கத்தரீனா, இரகசியமாக யூத சமயத்தைப் பின்பற்றினார் என்று எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளே தோண்டி எடுத்து எரிக்கப்பட்டன. அவர் இறந்த அதே 1568இல், அதே மேற்குக் கரையில் தெற்கே கொச்சியில், ஐபீரியாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி ஜெபாலயம் கட்டினார்கள். இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா. யூதர்களின் தலைவருக்கு முதலியார் என்ற பட்டமும் தம் மக்களின் வழக்குகளைத் தீர்க்கும் உரிமையும் இருந்தன. இலங்கையிலும் இதே காட்சிதான். 1626இல் போர்ச்சுகீசியர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். அப்போது போர்ச்சுகலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன; முன்னாள் முஸ்லிம்களை ஸ்பெயினிலிருந்து கப்பலேற்றிய அதே அரச குடும்பம் அது. கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்று போர்ச்சுகீசியரின் ஏடுகளே சொல்கின்றன. செனரத் பௌத்தர், குடியேறியவர்கள் முஸ்லிம்கள், சுற்றிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் சைவத் தமிழர்.

தமிழ்க் கரையில் சண்டையே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 1530களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு உரிமைக்காகப் பரவர்களும் முஸ்லிம்களும் கடுமையாக மோதினார்கள், உயிர்கள் போயின. பரவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரை பல்லாயிரம் பேர் கிறிஸ்தவரானார்கள். 1538இல் வேதாளையில் போர்ச்சுகீசியர் முஸ்லிம்களான மரக்காயர்களின் படையை முறியடித்தார்கள். ஸ்பெயினில் இதுபோன்ற வெற்றிக்குப் பிறகு வந்தது வெளியேற்றம். இங்கே அது நடக்கவில்லை. காயல்பட்டினம் முஸ்லிம்களின் ஊராகவே நீடித்தது. தூத்துக்குடி கிறிஸ்தவப் பரவர்களின் ஊரானது. இரண்டுக்கும் இடையே கடற்கரை வழியே ஒரு நாள் நடைத் தூரம்கூட இல்லை. பின்னர் டச்சுக்காரர் காலத்து முத்துக்குளிப்பில் பங்கு 'கல்' கணக்கில் பிரிந்தது. மூழ்குபவர் காலில் கட்டும் கல் ஒன்றுக்கு ஒரு பங்கு. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமார்க்கு இத்தனை கல் என்று ஒதுக்கி, அவற்றுக்குள்ளும் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து மூவருக்கும் தனித்தனியே பங்கு குறித்தார்கள். ஒரே முத்துப்பாரில் மூன்று சமயத்தார் மூழ்கினார்கள். பழைய பகை மறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. பகை முத்தைப் பற்றியதாகவே நின்றது, அதனால் அதைப் பங்கு பிரித்துத் தீர்க்க முடிந்தது.

மொழியில் இந்த வேறுபாடு இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. அரபு தடைசெய்யப்பட்ட ஸ்பெயினில், முன்னாள் முஸ்லிம்கள் தங்கள் ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதினார்கள்; தொழுகை முறை, நபிமார் கதை, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் அப்படித்தான் காப்பாற்றினார்கள். பிடிபட்டால் விசாரணை. 1884இல் அரகோனின் அல்மொனாசித் தெ லா சியெரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தரை ஒன்றின் அடியில் இத்தகைய சுவடிகள் குவியலாகக் கிடைத்தன. ஒளித்து வைத்தவர்கள் திரும்பி வரவே இல்லை. அங்கே அவர்கள் ஒளிந்து எழுதிய அதே காலத்தில் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் வளர்ந்தது. அரபுத்தமிழ் மதரசாவில் கற்பிக்கப்பட்டது. வீட்டுப் பெண்கள் படித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அச்சிலும் ஏறியது. யாரும் அதைத் தரைக்கடியில் புதைக்க வேண்டியிருக்கவில்லை. உமறுப்புலவர் முஸ்லிம் வள்ளல் சீதக்காதியின் ஆதரவிலும் பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவிலும் நபிகளின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். அதே சீதக்காதியைப் பாடிப் பரிசு பெற்றவர்களில் சைவரான படிக்காசுப் புலவரும் ஒருவர். 1726இல் இத்தாலியரான வீரமாமுனிவர் சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணியாகப் பாடினார். நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தொடங்கும் தமிழ்க் காப்பிய மரபு இரண்டு சமயங்களுக்கும் வீடாக இருந்தது. தமிழ் இப்படிச் சமயங்களைக் கடந்து நின்றதன் ஒரு தடயம் இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1836 வாக்கில் மதபோதகர் வில்லியம் கொலென்சோ, இங்கிருந்து வடக்கே ஃபாங்கரேய் பகுதியில், மாவோரிப் பெண்கள் கிழங்கு அவிக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கண்டார். அது முகையதீன் பக்ஸ் என்ற பெயருடைய கப்பலின் உடைந்த மணி, எழுத்துகள் தமிழ். இன்று வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழைச் செதுக்கிய மணியோடு ஆழ்கடலில் ஓடிய அந்தக் கப்பல் ஒரு முஸ்லிம் பெயரைத் தாங்கியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் வியாபாரம், இலாபம் உள்ளவரை பொறுத்துக்கொண்டார்கள், இதற்குப் போய்க் கூட்டு வாழ்வு என்று பெயர் வைப்பானேன் என்று கேட்கலாம். அதில் பாதி உண்மை. சென்னையையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் ஐபீரிய வேர் கொண்ட யூத வணிகர்கள் லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்தார்கள். மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களில் மூவர் யூதர். மூதாதையர் பிறந்த மண்ணில் கால் வைக்க முடியாதவர்கள் இங்கே நகர்மன்றத்தில் அமர்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரேசில் வைரம் சந்தைக்கு வந்து வியாபாரம் மாறியதும் அவர்கள் கரைந்து போனார்கள். பவழக்காரத் தெரு என்ற பெயர் எஞ்சியது. ஆகவே வியாபாரத்தை மட்டும் நம்பிய கூட்டு வாழ்வு வியாபாரத்தோடு முடியும் என்பதை ஏற்கிறேன். ஆனால் வியாபாரக் கணக்கு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. விவசாயத்திலும் கைத்தொழிலிலும் தேர்ந்த 3 லட்சம் பேரை விரட்டியபோது ஸ்பெயின் தன் இலாபத்தைத் தானே வெட்டிக்கொண்டது. வலென்சியாவில் ஊர் ஊராக நிலம் தரிசானது. ஆசை ஆட்களை அருகருகே கொண்டுவரும்; அவர்களை அங்கே இருக்க வைப்பது உரிமை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தபோதும், கொச்சி ராஜா ஜெபாலயத்துக்கு இடம் தந்தபோதும், இவர்கள் என் குடிகள் என்று ஊரறியச் சொன்னார்கள். நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூரும் தெற்கே வேளாங்கண்ணியும் இன்றுவரை எல்லாச் சமயத்தாரும் நேர்ந்துகொண்டு போகும் இடங்களாக இருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. தமிழ்க் கரையின் இந்த ஏற்பாடு சமத்துவத்தின்மேல் நிற்கவில்லை, சாதியின்மேல் நின்றது. தனித் தெரு, தனிப் பங்கு, தனித் தலைமை என்ற பழைய அமைப்பில் புதிய சமயத்தாருக்கும் ஓர் அறை ஒதுக்கப்பட்டது, அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லலாம். இதை நான் மறுக்கமாட்டேன். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே கிறிஸ்துவை வணங்கிய வெள்ளாளரையும் நாடாரையும் பிரிக்க, ஆலயத்துக்குள்ளேயே சுவர் எழுப்பினார்கள். 1910இல் அது இடிக்கப்பட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று மேல்சாதியார் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தொலேதோவில் 1449இல் எழுதப்பட்ட சட்டத்துக்கும் இந்தச் சுவருக்கும் உள்ளே ஒரே எண்ணம்தான் இருந்தது: ஞானஸ்நானத்தாலும் கழுவ முடியாத ஏதோ ஒன்று பிறப்பில் இருக்கிறது என்ற எண்ணம். இரத்தத் தூய்மை என்ற நோய் நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. சமயத்தின் பெயரால் அயலாரை விரட்டாத நம் முன்னோர், சாதியின் பெயரால் சொந்த ஊராரையே ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். பழைய கூட்டு வாழ்வை அப்படியே மீட்டுக்கொண்டு வருவோம் என்று பேச நமக்கு உரிமை இல்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வேறுபட்டவரை வெளியேற்றாமல் வழக்கைத் தீர்க்க முடியும் என்பதற்கு அது ஆதாரம். அந்தத் தீர்வு சம உரிமையின்மேல் நிற்க வேண்டும் என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது, சொல்வதற்கு மிகக் கடினமானதைச் சொல்கிறேன். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். அவர்கள் பேசியது தமிழ். போர்க்காலம், பாதுகாப்புக் காரணம் இருந்தது என்று ஒரு வாதம் உண்டு. அந்த ஆண்டு கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களைத் தாக்கியது உண்மை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் கிழக்கின் குற்றத்துக்கு யாழ்ப்பாணத்துத் தையற்காரரும் பள்ளிக் குழந்தையும் எப்படிப் பொறுப்பாவார்கள்? ஸ்பெயின் அரசும் 1609இல் பாதுகாப்புக் காரணத்தைத்தான் சொன்னது: இவர்கள் துருக்கியருக்கு உளவு பார்ப்பார்கள் என்று. கிழக்கின் சண்டை எதைப் பற்றியதாக இருந்தாலும், வடக்கில் அது 'இவர்கள் இங்கே இருக்கலாமா' என்ற கேள்வியாக மாற்றப்பட்டது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் புலிகள் சார்பில் பேசிய அன்ரன் பாலசிங்கம் அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டார். 1983இல் தமிழருக்கு எதிரான வன்முறையில் கொழும்பில் வீடு எரிந்து கப்பலேறியவர்களின் பிள்ளைகள் பலர் இந்த நாட்டில் வாழ்கிறார்கள். விரட்டப்படுவது என்றால் என்னவென்று தெரிந்த மக்கள், தாம் விரட்டியதையும் சொல்லப் பழக வேண்டும். நம் துயரத்தை உலகம் நம்ப வேண்டுமென்றால் அடுத்தவர் துயரத்தை நாம் மறைக்கக்கூடாது.

2019இல் ஆறு வாரங்களுக்குள் இரண்டு கொடுமைகள் நடந்தன. மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் தமிழ்க் குழந்தைகளும் உண்டு. இதற்குப் பிறகும் கூட்டு வாழ்வைப் பற்றிப் பேசுவது பேதைமை என்று நினைப்பவர்கள் இருக்கலாம். என் பதில் இது. இரு இடத்திலும் கொலைகாரர்கள் விரும்பியது ஒன்றே: ஒரு குற்றம் ஒரு சமூகத்தின் அடையாளமாக மாற வேண்டும் என்பது. குற்றவாளியைக் குற்றவாளியாக மட்டும் பார்த்துத் தண்டிக்கும்போது அவர்கள் தோற்கிறார்கள். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது அவர்கள் வென்றார்கள்.

ஆக்லாந்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு மன்னர்களும் இல்லை, சாசனம் தரும் அதிகாரமும் இல்லை. ஆனாலும் செய்யக்கூடியவை உண்டு. நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்பில் கம்பனோடு உமறுப்புலவரும் வீரமாமுனிவரும் இடம்பெற வேண்டும். தமிழ்ச் சங்க மேடையில் முஸ்லிம் தமிழர் விருந்தினராக அல்லாமல் விழாவை நடத்துபவராக நிற்க வேண்டும். 1983ஐச் சொல்லிக்கொடுக்கும் அதே வாயால் 1990ஐயும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சங்கங்களிலும் கோவில்களிலும் நமக்குள் சண்டை வரும்போது, அது கணக்கைப் பற்றியதா, பதவியைப் பற்றியதா, இடத்தைப் பற்றியதா என்று கேட்டு அதற்குள்ளேயே தீர்க்க வேண்டும். அதைச் சாதியின், சமயத்தின், ஊரின் பெயரால் யார் வேறு திசைக்குத் திருப்பினாலும், அவர் நம் பக்கத்து ஆளாகவே இருந்தாலும், அங்கேயே மறுத்துப் பேச வேண்டும். தொலேதோவில் அந்த ஒரு நாளில் போதுமானவர்கள் மறுத்துப் பேசியிருந்தால் சார்மியெந்தோவுக்கு அந்தச் சட்டம் எளிதாகக் கிடைத்திருக்காது.